லென்ஸில் வைத்த பொட்டு

பேச்சியம்மாளின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. பல்லடம் பஸ் வளைவில் திரும்பும்போதே அதன் நெற்றிப் பலகையைப் படித்துவிடுவாள். ஆனால் வீரபாண்டியில் அவள் வேலை செய்த பனியன் கம்பெனியில் அவளுக்குப் பெயர் குருட்டுப் பேச்சி. பெயரை வைத்தவர் நிட்டிங் மாஸ்டர் சென்னியப்பன்.

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் அவளுடையது. கல்யாணமான வருடமே புருஷன் சுடலையோடு திருப்பூருக்கு வந்தாள். அவன் நூல் குடோனில் மூட்டை தூக்கினான். அவள் முதலில் பனியன் மடித்தாள், பிறகு பிசிறு வெட்டினாள், பிறகு துணி செக்கிங்குக்குப் போனாள். யாருடைய சிபாரிசும் இல்லாமல் அவள் அடைந்த இடம் அது ஒன்றுதான்.

மிஷினில் பின்னி வரும் துணி சாயத்துக்குப் போவதற்கு முன், உள்ளே விளக்கு எரியும் ஒரு கண்ணாடியின் மேல் ஓடும். செக்கிங் பெண் எதிரே நின்று பார்ப்பாள். ஓட்டை, எண்ணெய்க்கறை, ஊசிக்கோடு, எதைக் கண்டாலும் ஓட்டத்தை நிறுத்தித் துணியின் ஓரத்தில் மஞ்சள் அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஊசிக்கோடு பொல்லாதது. மிஷினில் ஒரே ஒரு ஊசி கெட்டால் போதும், துணி நெடுக ஒரு வரி விழும். சாயம் ஏறாத துணியில் அது இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருக்கும். சாயம் ஏறிய பிறகு தழும்பு மாதிரி எழுந்து நிற்கும்.

பேச்சி அந்தச் சந்தேகத்தைப் பார்க்கத் தெரிந்தவள். ஏழாம் நம்பர் மிஷினில் வந்த துணியில் பார்த்தாள். ஸ்டிக்கர் ஒட்டினாள். சென்னியப்பன் வந்து ரோலைப் புரட்டிவிட்டு நகத்தால் ஸ்டிக்கர்களைப் பிய்த்தார்.

"இதெல்லாம் ஒரு லைனா கண்ணு? நேவி ப்ளூ போடறாங்க. கருப்பாட்டம் இருக்கும். சாயத்துல போயிரும்."

"கோடு இருக்கு மாஸ்டரு."

"நாஞ் சொல்றனல்ல. பாஸ் போடு."

சாயத்தில் போகவில்லை. தைத்து மடித்துப் பெட்டி கட்டிய பிறகு, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் வந்து எடுத்த சட்டையில் எல்லாம் நெஞ்சில் மேலிருந்து கீழாகக் கோடு. முதலாளி குழந்தைவேலு தறிகெட்ட கோபத்தில் செக்கிங் ஹாலுக்கு வந்தபோது, சென்னியப்பன் அவருக்கு முந்தி வாயைத் திறந்தார்.

"இந்தப் புள்ளைக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுங்க. ஒரு ஸ்டிக்கர் ஒட்டுல. நா என்னத்தக் கண்டனுங்க, செக்கிங் பாஸ்னா பாஸ்னு அனுப்பிச்சுட்டன்."

"ஒட்டினேன். அவுகதான் பிச்சாக."

"எங்க? காட்டு பாக்கலாம். பிச்ச ஸ்டிக்கர் எங்க?"

யாரோ சிரித்தார்கள். குழந்தைவேலு அவளைப் பார்க்கவில்லை. சென்னியப்பன் அவருக்கு மாமன் முறை. "மேசைய உட்டுத் தள்ளி நில்லும்மா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் அவளுக்குப் பஞ்சு துடைக்கும் வேலை. நிட்டிங் மிஷின்களின் மேல் நாள் முழுக்கப் பறந்து படியும் பஞ்சைத் துடைத்துக்கொண்டே இருப்பது. சென்னியப்பன் வைத்த பெயர் அன்று மதியமே பரவிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில், "குருட்டுப் பேச்சி, கல்லு கெடக்கும் பாத்துத் தின்னு" என்றான் ஒரு ஆப்பரேட்டர். பஸ்ஸில் அதையே சொல்லி இடம் விட்டார்கள். சுடலைகூட ஒரு நாள் குடித்துவிட்டு, "குழம்புல புளி தெரியலியா, கண்ணு தெரியலியா" என்றான். அவள் சட்டியை எடுத்து அவன் காலடியில் கவிழ்த்தாள். அதன் பிறகு அவன் சொல்லவில்லை.

வேறு கம்பெனிக்குப் போயிருக்கலாம். இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. சென்னியப்பனைக் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் வைத்திருக்க விரும்பினாள். பஞ்சு துடைக்கிறவளை யாரும் கவனிப்பதில்லை. மிஷினுக்குப் பின்னால் குனிந்து நின்று, அவர் ஸ்டிக்கர் பிய்ப்பதை மூன்று வருடமாகப் பார்த்தாள். இப்போது செக்கிங்கில் இருந்தவள் நதியா, பெருமாநல்லூரிலிருந்து வருகிற பெண். அவள் ஒட்டுவாள். அவர் பிய்ப்பார். பிய்த்ததை உருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கோடு என்று கணக்கில் ஏறினால் குற்றம் அவருடைய மிஷின்களின் மேல் வரும். நல்ல காலம், வெள்ளைத் துணி ஆர்டர்களாக ஓடின. வெள்ளையில் கோடு தெரிவதில்லை.

பேச்சி யாரிடமும் சொல்லவில்லை. ஏற்கெனவே ஒரு முறை சொன்னவள் அவள்.

2005-ல் ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா வரம்பு போய், ஊரில் எல்லோரும் மிஷின் வாங்கினார்கள். குழந்தைவேலு ஒரு காமிரா வாங்கினார். கல்யாணத்துக்கு எடுக்கிற காமிரா இல்லை. சோப்பு டப்பா அளவில் சாம்பல் நிறப் பெட்டி. பட்டன் இல்லை, திரை இல்லை, ஃபிலிம் போட இடம் இல்லை. முன்னால் ஒரு லென்ஸ், பின்னால் இரண்டு துளை, அவ்வளவுதான். கோயமுத்தூர் ஏஜெண்டின் ஆள் அதைக் கொண்டுவந்து, செக்கிங் மிஷினுக்கு மேலே ஒரு கம்பிச் சட்டத்தையும் அடித்துவிட்டு, கம்ப்யூட்டரில் செருகப் பார்த்தான். கம்ப்யூட்டரில் அதற்கு வாயே இல்லை. அடுத்த வாரம் வருவதாகப் போனவன் வரவில்லை. போன் செய்தால், பிடிக்காவிட்டால் சனிக்கிழமைக்குள் திருப்பி அனுப்பலாம் என்று பதில் வந்தது.

"அனுப்பிப்போடலாமுங்க மாப்ள" என்றார் சென்னியப்பன். "நம்ம புள்ளைக பாக்காததையா இந்தப் பொட்டி பாத்துரும்?"

"வெள்ளிக்கெழம பூச போட்டு ஒருக்கா பாத்தறலாம் மாமா. படம் வல்லீனா சாயந்தரமே கட்டி அனுப்பிரலாம்."

வெள்ளிக்கிழமை காலையில் காமிராவை மேஜையில் துண்டு விரித்து வைத்தார்கள். முதலாளியின் அம்மா ராமாத்தாள் கற்பூரம் கொளுத்த வந்தார். லென்ஸின் மேல் கருப்பு மூடி இருந்தது.

"ஏஞ்சாமி, கண்ண மூடி வெச்சுட்டு ஆராச்சும் பூசை போடுவாங்களா? அதையக் கழட்டியுடு."

குழந்தைவேலு மூடியைக் கழற்றினார். ராமாத்தாள் கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு, கீபோர்டுக்கு ஒரு பொட்டு, காமிராவுக்குக் கண் நடுவில் நிறையச் சந்தனம் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தார். எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். பொரி கொடுத்தார்கள். ஃபிட்டர் ஒருவன் காமிராவைத் தூக்கிச் சட்டத்தில் தலைகீழாக, துணியைப் பார்க்கிற மாதிரி முடுக்கிவிட்டுப் போனான்.

அதன் பிறகுதான் ஃபைஸ் வந்தான். பல்லடம் ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தவன். இந்த மாதிரிக் காமிராவை அவனும் முதல் தடவையாகப் பார்க்கிறான் என்பதை அவன் மறைக்கவில்லை. கேபிளின் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கம்ப்யூட்டரைத் திறந்து, கொண்டுவந்த ஒரு கார்டைச் செருகினான். இப்போது வாய் வந்தது. கேபிள் பொருந்தியது. கம்ப்யூட்டர் ஏதோ புதிதாக வந்திருப்பதாகச் சொன்னது, ஆனால் என்னவென்று தெரியவில்லை என்றும் சொன்னது.

பேச்சி பக்கத்து மிஷினில் பஞ்சு துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இது என்ன செய்யும்?"

"ஓடற துணியப் படம் புடிக்குங்கக்கா. கோடு, ஓட்ட எதுனா இருந்தா நிறுத்திரும்."

"நிறுத்திட்டு?"

"அந்தப் படத்த எடுத்து வெச்சுக்கும். எந்த மிஷின் துணி, எந்த எடம், எல்லாம்."

அவள் துணியை உதறாமல் நின்றாள்.

"அத யாரும் பிச்சு எறிய முடியாதுல்லா?"

அவனுக்குப் புரியவில்லை. "பிக்கறதுக்கு அது என்னங்க பேப்பரா? உள்ள ஏறிருச்சுனா ஏறுனதுதான்."

பேச்சி அன்று அதற்கு மேல் வேறு மிஷினுக்குப் போகவில்லை. துடைத்த இடத்தையே துடைத்தாள். ஃபைஸ் சிடியைப் போட்டு மென்பொருளை ஏற்றினான். படம் வரவில்லை. காமிராவுக்குத் தனியாகக் கரண்ட் வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க மதியமாகிவிட்டது. அடாப்டர் வாங்கி வந்து செருகியதும் பெட்டியின் முதுகில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் ஒரு சதுரம் திறந்தது. சதுரம் கருப்பாக இருந்தது.

"வந்துருச்சு!" என்றான் ஃபைஸ்.

"இதா?" சென்னியப்பன் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இருட்டப் புடிக்கறதுக்கா மாப்ள இத்தன செலவு பண்ணிருக்காரு?"

லென்ஸில் ஒரு வளையம் இருந்தது. ஃபைஸ் எக்கி அதைத் திருகினான். கருப்பு சாம்பலாயிற்று. இன்னும் திருகினான். ஓரங்களில் வெளிச்சம் வந்தது. நடுவில் மட்டும் ஒரு மங்கல், சேற்றுத் தண்ணீர் மாதிரி, அப்படியே நின்றது. துணியை ஓட்டச் சொன்னான். துணி ஓடியது, மங்கல் நகரவில்லை. மென்பொருள் அந்த மங்கலையே குறை என்று எடுத்துக்கொண்டு நிற்காமல் பீப் பீப் என்று கத்தியது.

சென்னியப்பன் சத்தமாகச் சிரித்தார். "நம்ம குருட்டுப் பேச்சிக்குத் தொணைக்கு ஆளு வந்துருச்சு. ரெண்டுக்குமே கண்ணு தெரியாது." நதியாவும் மற்றவர்களும் சிரித்தார்கள். அவர் அட்டைப் பெட்டியை எடுத்துவரச் சொன்னார். "கட்டுங்கப்பா. கோயமுத்தூர் வண்டிக்கு நேரமாச்சு."

பேச்சி காமிராவைப் பார்த்தாள். பெட்டிக்குள் போய்விட்டால் பிய்க்க முடியாத ஒன்று இந்தக் கம்பெனிக்குள் திரும்ப வராது. பஞ்சுத்துணி இருந்த கையை அவள் இறுக்கிக்கொண்டாள்.

ஃபைஸ் "ஒரு நிமிஷமுங்க" என்று செக்கிங் கண்ணாடியின் மேல் முதுகைச் சாய்த்துப் படுத்து, கீழிருந்து லென்ஸைப் பார்த்தான். பார்த்தபடியே கொஞ்ச நேரம் கிடந்தான். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான். முகம் மாறியிருந்தது.

"என்ன தம்பி?" என்றாள் பேச்சி.

அவன் குரலைத் தாழ்த்தினான். "பொட்டுங்கக்கா. லென்ஸ் நடுவுல. சந்தனம் காஞ்சு அப்பிக் கெடக்குது."

"தொடைச்சுவிட வேண்டியதான?"

"நானுங்களா?" அவன் சென்னியப்பன் பக்கம் ஒரு முறை பார்த்தான். "பூச பண்ணி வெச்ச பொட்டு. பெரியம்மா கையால வெச்சது. நான் அழிச்சன்னா பேச்சு வேற மாதிரிப் போயிருங்கக்கா. எனக்கு இங்க இன்னும் பத்துக் கம்பெனி இருக்குது."

அவன் சொன்னது சரி. அவள் ஃபிட்டரைப் பார்த்தாள். அவன் காதில் விழுந்தும் விழாத மாதிரி ஸ்பேனரைத் தேடினான். நதியா, "ஐயோ, வெள்ளிக்கெழமையும் அதுவுமா" என்று ஒதுங்கினாள். சென்னியப்பனுக்கு இப்போது விஷயம் புரிந்துவிட்டது. அவர் சந்தோஷமாகவே இருந்தார்.

"பொட்ட அழிச்சாத்தான் படம் வருமுனா அப்பேர்ப்பட்ட படம் நமக்கு வேண்டாமுங்க. கட்டுங்க."

பேச்சி இடுப்பில் செருகியிருந்த பனியன் வேஸ்ட் துணியை உருவினாள். செக்கிங் கண்ணாடியின் விளிம்பில் ஏறி நின்றாள். மூன்று வருடத்துக்கு முன் இறக்கிவிடப்பட்ட அதே இடம்.

"ஏம்புள்ள, எறங்கு! பூசப் பொட்ட அழிக்கறயா நீ?"

"லென்சுல இருந்தா அது பொட்டில்ல மாஸ்டரு, அழுக்கு. நீங்கதான என்னய அழுக்குத் தொடைக்கப் போட்டீக."

துடைத்தாள். காய்ந்த சந்தனம் இழுபட்டு லென்ஸ் முழுக்கப் பரவியது. திரையில் இருந்த கொஞ்ச வெளிச்சமும் போயிற்று. "ஆச்சு, இருந்ததும் போச்சு" என்றார் சென்னியப்பன். அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தை மடக்கி, லென்ஸின் மேல் வாயால் ஆவி ஊதினாள். கண்ணாடி வியர்த்தது. துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பி மெதுவாகச் சுற்றி எடுத்தாள். மறுபடி ஊதினாள், மறுபடி எடுத்தாள். துணியில் சிவப்பு இறங்கியது.

கீழே ஃபைஸ், "அக்கா!" என்றான்.

திரையில் துணி இருந்தது. கண்ணி கண்ணியாக, ஒவ்வொரு நூலும் கயிறு மாதிரி. நதியா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டுக் குழந்தைவேலு வந்தார். பேச்சி இறங்கிவிட்டிருந்தாள். பொட்டைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை. சென்னியப்பன் சொல்ல வாயெடுத்தார், ஆனால் முதலாளி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு ரோலப் போட்டு ஓட்டிப் பாக்கோணும்" என்றான் ஃபைஸ். "எதுனாலும் பரவால்லீங்க."

"நா எடுத்தாரேன்" என்றாள் பேச்சி.

பாஸ் ஆன ரோல்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. அவள் தேடவில்லை. காலையில் பூஜைக்கு முன்னால், எல்லோரும் பொரிக்குக் காத்திருந்த நேரத்தில், சென்னியப்பன் ஏழாம் நம்பர் ரோல் ஒன்றின் பக்கத்தில் குனிந்து நகத்தை ஓட்டியதை அவள் மிஷினுக்குப் பின்னாலிருந்து பார்த்திருந்தாள். அந்த ரோலைத் தோளில் தூக்கினாள். ஆண்கள் தூக்குகிற ரோல். தூக்கி வந்து மாட்டினாள்.

சென்னியப்பன் ரோலின் நம்பரைப் பார்த்தார். "அது வேண்டாமுங்க, அது அர்ஜெண்ட், சாயத்துக்குப் போகோணும்" என்றார்.

"ரெண்டு நிமிஷந்தானுங்க மாமா."

துணி ஓடியது. கொஞ்ச தூரம் ஒன்றும் இல்லை. பிறகு மிஷின் தானாக நின்றது. திரையில் மேலிருந்து கீழாக ஒரு வரி. கண்ணிகளுக்கு நடுவே ஒரு வாய்க்கால் வெட்டினது போல. குழந்தைவேலு குனிந்தார். அவர் விரல் வரியைத் தொட்டுவிட்டு, திரையின் ஓரத்துக்குப் போயிற்று. பேச்சி எதிர்பார்க்காதது அங்கே இருந்தது. துணியின் ஓரத்தில் நூல் மயிர் பிய்ந்து எழுந்து, பசையில் பஞ்சு ஒட்டி, ஒரு வடிவம். கூர்முனை கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்பு.

வெறும் கண்ணுக்கு அது தெரியாது. அவள் கண்ணுக்கும் தெரிந்ததில்லை.

ஓட்டினார்கள். நின்றது. மறுபடி வரி, மறுபடி ஓரத்தில் அம்பின் நிழல். மூன்றாவது தடவை குழந்தைவேலு, "நதியா, இந்த ரோல் நீ பாத்தயா?" என்றார்.

"பாத்தங்க சார்."

"ஸ்டிக்கர் ஒட்டுனியா?"

அவள் சென்னியப்பனைப் பார்த்தாள். பிறகு பேச்சியைப் பார்த்தாள். பேச்சி கையில் சிவந்த துணியோடு அசையாமல் நின்றாள்.

"ஒட்டுனங்க."

சென்னியப்பனின் கை தானாகச் சட்டைப் பையை மூடிக்கொண்டது. குழந்தைவேலு அந்தக் கையைப் பார்த்தார். பக்கத்தில் போய், சொந்தக்காரரின் பையில் விரலை விட்டார். மஞ்சள் உருண்டைகள் வந்தன. அவர் அவற்றைத் திரைக்கு முன்னால் மேஜையில் வைத்தார்.

"மூணு வருசத்துக்கு முன்னாடியும் இப்படித்தானுங்களா மாமா?"

சென்னியப்பன் காலிப் பையைத் தடவினார்.

பேச்சியிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. முதலாளிகள் கேட்பதில்லை. "நாளைல இருந்து மேசைக்கு வந்துரும்மா" என்றார். சென்னியப்பனை வேலையை விட்டும் அனுப்பவில்லை. அம்மா வழிச் சொந்தம், ஊரில் பேச்சாகும். "நிட்டிங்க வேற ஆளு பாத்துக்கட்டும். காமிராவுக்கு ஒருத்தர் முழுநேரமும் உக்காரோணும். நீங்க உக்காருங்க மாமா. அது நிக்கறப்பல்லாம் என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

பேச்சி மேஜைக்குத் திரும்பவில்லை.

"எனக்குப் பஞ்சு தொடைக்குத வேலையே போதும் மொதலாளி" என்றாள். "இந்தக் காமிராவயும் என் கணக்குல விட்ருங்க. தூசி விழாமப் பாத்துக்கிடுதேன்."

அவருக்கு அது நல்ல குணமாகப் பட்டது.

காமிரா வந்த பிறகு செக்கிங்கில் அத்தனை பெண்கள் தேவைப்படவில்லை. சிலர் வேறு கம்பெனிக்குப் போனார்கள். நதியாவும் போனாள். கிளம்புகிற அன்று, "மாஸ்டரக் கவுக்கறேன்னு எங்க சோத்தயும் சேத்துல்லக்கா கவுத்துட்ட" என்றாள். பேச்சி அவளுக்குப் பஸ் நிற்குமிடம் வரை பையைத் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பி வரும் வழியில் அவள் நினைத்துப் பார்த்தாள், இன்னொரு முறை அந்தப் பொட்டு லென்ஸில் இருந்தால் அழிப்பாளா என்று. அழிப்பாள்.

சென்னியப்பன் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். அசையும் கண்ணிகளை நாள் முழுக்கப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்குக்கண்ணாடி போட்டார். ஆப்பரேட்டர்கள் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவது மெல்ல நின்றது. பேச்சி மட்டும் அப்படியே கூப்பிட்டாள். தினமும் காலையில் அவர் வந்து உட்கார்ந்ததும், அவள் செக்கிங் கண்ணாடியின் விளிம்பில் ஏறி, லென்ஸின் மேல் ஆவி ஊதி, பனியன் வேஸ்டால் சுற்றித் துடைப்பாள். இறங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்பாள்.

"நல்லாத் தெரியுதுங்களா மாஸ்டரு?"

அவர் பதில் சொல்லும் வரை நகரமாட்டாள்.

"தெரியுது."

ஒரு முறை படம் போய்விட்டது. சென்னியப்பன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். பேச்சிதான் ஆபீஸுக்கு ஓடி ஃபைஸுக்குப் போன் செய்தாள். "தம்பி, கரண்ட் வருது, பச்ச லைட் எரியுது, படம் வரல. கேபிளுதான். ஒன்னு கையோட கொண்டாந்துரு." அவன் வந்து மாட்டும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வருடம் ஒரு நாள், அவள் வருவதற்கு முன்பே சென்னியப்பன் வந்திருந்தார். வயதான முழங்காலோடு விளிம்பில் ஏறி, கைக்குட்டையால் லென்ஸைத் துடைத்து முடித்திருந்தார். அவள் வந்ததும், "இன்னைக்கு நானே தொடச்சுட்டம்மா" என்றார். அம்மா என்று அவர் அவளைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "சுத்தமாத் தெரியுது."

பேச்சி ஏறிப் பார்த்தாள். லென்ஸ் சுத்தமாகத்தான் இருந்தது. ஏழாம் நம்பர் மிஷினின் மேல் கை நீட்டி ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்தாள். அதை லென்ஸின் நடுவில் விரலால் ஒற்றி வைத்தாள். திரையில் மங்கல் விழுந்தது. காமிரா பீப் பீப் என்று கத்தியது. பிறகு அவள் ஆவி ஊதி, துணியை எடுத்து, மெதுவாகத் துடைத்தாள்.

இறங்கினாள்.

"நல்லாத் தெரியுதுங்களா மாஸ்டரு?"